பாக்கி உயிரோடு இருக்கிறதா?

காரைக்காலில் கணக்கு எழுதுகிறவர்களுக்குச் சட்டம் புத்தகத்தில் வருவதற்கு முன்பே சாலையில் வந்துவிடும். நகரத்திலிருந்து தெற்கே போனால் வாஞ்சூர், அதைத் தாண்டினால் நாகூர், தமிழ்நாடு. வடக்கே பூவம், அதற்கப்பால் தரங்கம்பாடி, அதுவும் தமிழ்நாடு. ஒரு லோடு டைல்ஸ் வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூரில் இறங்கினால் அது மாநிலம் விட்டு மாநிலம் போன சரக்கு. பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். அதே லோடு தமிழ்நாட்டு ஊர்களையெல்லாம் கடந்து புதுச்சேரியில் போய் இறங்கினால் அது உள்மாநில விற்பனை. ஜி.எஸ்.டி.யில் நாகூரின் மாநிலக் குறியீட்டெண் 33, காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் 34. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் தூரத்தை வைத்து வரி போட்டுவிடுவார்கள். சரக்கு எங்கிருந்து கிளம்பி எங்கே போய் முடிகிறது என்று முதலில் கேள் என்பேன்.

இந்த ஊரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, பிறகு தனியாக வரி ஆலோசனை பார்க்க ஆரம்பித்தவன் நான். மாலை நேரங்களில் பி.காம். பிள்ளைகளுக்கும் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதுகிறவர்களுக்கும் வணிகச் சட்டம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள்: "சார், அக்கவுண்ட்ஸ் படிக்கிற எங்களுக்கு லா பேப்பர் எதுக்கு?" ஒப்பந்தச் சட்டம் 1872, மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, சரக்கு விற்பனைச் சட்டம் 1930, கூட்டாண்மைச் சட்டம் 1932 என்று பிரிவு எண்களோடு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். பேரேட்டில் 'வரவேண்டியது ரூ.80,000' என்று எழுதும்போது, இன்னாரிடம் இந்தத் தொகையைக் கேட்டு வாங்கும் உரிமை இந்தக் கடைக்கு இருக்கிறது என்று எழுதுகிறோம். அந்த உரிமை இல்லாமல் போயிருந்தால், கூட்டல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தப் பதிவு தவறு.

கணக்குக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவை இந்த ஊர் ரொம்ப முன்பே பார்த்திருக்கிறது. 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1819 ஜனவரி 6-ஆம் தேதி ஆணையால் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. 1807-ஆம் ஆண்டின் பிரெஞ்சு வணிகச் சட்டம், வியாபாரி ஒவ்வொருவரும் நாளேடு வைக்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை சொத்து, கடன் பட்டியல் எடுக்க வேண்டும் என்றது. அந்த ஏட்டின் பக்கங்களுக்கு எண் போட்டு, நீதிபதியோ நகர மேயரோ சுருக்கொப்பம் இட வேண்டும், ஏட்டைப் பத்து வருஷம் பாதுகாக்க வேண்டும் என்றும் சொன்னது. நடுவில் ஒரு தாளைக் கிழிக்க முடியாது, முன்தேதியிட்டுச் செருக முடியாது. எங்கள் ஆடிட்டர் சாரின் அப்பா பிரெஞ்சுக் காலத்தில் நொத்தேர் (பத்திரங்களை எழுதிச் சான்றளிக்கும் அதிகாரி) அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பக்க எண் இல்லாத நோட்டில் எழுதியதைக் கணக்கு என்றே ஒப்புக்கொள்ள மாட்டாராம். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பு. அதற்குப் பிறகும் இந்தியச் சட்டங்கள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1963-ல் ஓர் ஒழுங்குமுறை, 1968-ல் ஒரு நீட்டிப்புச் சட்டம் எனத் தவணை தவணையாக வந்தன. உரிமையியல் நடைமுறைச் சட்டமே 1968-ல்தான் இங்கு எட்டியது.

இந்தியச் சட்டம் கணக்கேட்டை வேறு விதமாகப் பார்க்கிறது. முறையாக நாள்தோறும் எழுதிவரும் கணக்கேட்டின் பதிவு, நீதிமன்றத்தில் ஏற்கத்தக்க சாட்சியம். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர்மேல் கடனைச் சுமத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் இதுவே 28-ஆம் பிரிவு. ஹவாலா டைரி வழக்கில், 1998-ல், உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைத்தான் எடுத்து அலசியது. உதிரித் தாள்கள் கணக்கேடு ஆகா, கணக்கேடாகவே இருந்தாலும் பதிவு மட்டும் போதாது என்றது. மாணவர்களிடம் நான் இதை அழுத்திச் சொல்வேன். நம் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நம் கையெழுத்து. கடன்பட்டவரின் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

அந்தத் தேடலில்தான் என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி போயிருக்கிறது.

ஒரு ஹார்டுவேர் கடையின் பாக்கிப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிமென்ட், கம்பி, பெயின்ட் எல்லாம் மேஸ்திரிகளுக்கும் கட்டட கான்ட்ராக்டர்களுக்கும் கடனாகப் போயிருந்தது. திருநள்ளாறு பக்கத்து கான்ட்ராக்டர் ஒருவரின் பாக்கி நாலு வருஷமாக அசையாமல் நிற்கிறது. "இது வருமாங்க?" என்றேன். முதலாளி நிதானமாகச் சொன்னார்: "அவர் தரமாட்டேன்னு ஒருநாளும் சொல்லலையே சார். பாக்கும்போதெல்லாம் தரேன்னுதான் சொல்றார்." நல்ல மனிதர்கள் இருவர். ஆனால் காலவரம்புச் சட்டம் வாய்ப்பேச்சைக் கணக்கில் எடுக்காது. தவணை நாள் எதுவும் பேசாமல் கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட, சரக்கு கொடுத்த நாளிலிருந்து மூன்று வருஷம். தவணை பேசியிருந்தால் அந்தத் தவணை முடிந்ததிலிருந்து மூன்று வருஷம். அதற்குள் கடன்பட்டவர் தாம் கொடுக்க வேண்டியிருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும். இது 18-ஆம் பிரிவு. ஒரு பகுதியைக் கட்டி, அதைத் தம் கையாலேயே எழுதினாலோ, எழுதியதில் கையெழுத்துப் போட்டாலோ அப்படியே. இது 19. இரண்டும் கெடு முடிவதற்குள் நடக்க வேண்டும். முடிந்த பிறகு பழைய கடனைக் கொடுக்கிறேன் என்று புதிதாக எழுத்தில் வாக்குறுதி தந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு கைகொடுக்கும். அதற்கு அவர் மனம் வைக்க வேண்டும்.

வருஷ முடிவில் ஆடிட்டர்கள் பாக்கி உறுதிக் கடிதம் அனுப்பச் சொல்வார்கள். 'மார்ச் 31-ஆம் தேதி நிலவரப்படி தங்கள் கணக்கில் இவ்வளவு நிலுவை, சரி என்றால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்.' ஆடிட்டுக்கான சடங்கு என்று நினைத்து மாணவர்கள் இதை அலட்சியம் செய்கிறார்கள். கெடு முடிவதற்குள் ஒழுங்காகக் கையெழுத்தாகி வந்த அந்த ஒரு தாள் 18-ஆம் பிரிவின்படி ஒப்புதல் ஆகக்கூடியது, மூன்று வருஷ உரிமையைப் புதுப்பித்துத் தரக்கூடியது. ஒரு கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் கடன் காட்டப்பட்டிருந்தால் அதுவும் இத்தகைய ஒப்புதல் ஆகலாம் என்று 2021 ஏப்ரலில் பிஷால் ஜெய்ஸ்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடிக்குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. இருப்புநிலைக் குறிப்பு தயாரிக்கும் கை, கடனின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா, லா பேப்பர் படிப்பதற்கு?

எங்கள் பக்கத்தில் புரோநோட்டு இல்லாத வியாபாரம் குறைவு. அதை வகுப்பில் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். முன்பக்கத்தில் ரெவின்யூ ஸ்டாம்பு, அதன்மேல் குறுக்கே போகும் கையெழுத்து. பின்பக்கத்தில் வரவுகள்: 'இன்று வட்டி வகையில் ரூ.500 செலுத்தினேன்', தேதி, கொடுத்தவரின் கையெழுத்து. அந்தப் பின்பக்கத்துக்காகத்தான் நோட்டையே காட்டுகிறேன். கோரும்போது கொடுப்பதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம். பின்னால் எழுதிய அந்தச் சின்ன வரவு அதை நீட்டிக்கிறது. ஆனால் எத்தனையோ நோட்டுகளில் வரவைக் கடன் கொடுத்தவரே எழுதி, தம் கையெழுத்தையே போட்டுக்கொண்டிருப்பார். அது அவருக்குப் பயன்படாது. ஸ்டாம்பு விஷயமும் அப்படித்தான். முத்திரைச் சட்டப்படி ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட, கோரும்போது தர வேண்டிய நோட்டுக்குத் தீர்வை 25 காசுதான். மற்றப் பல பத்திரங்களில் முத்திரை குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம், புரோநோட்டுக்கு அந்த வழி கிடையாது. சில லட்சம் ரூபாய்க் கடனின் சாட்சியம் ஒரு ஸ்டாம்பு ஒட்டாததால் கையை விட்டுப் போகும்.

கணக்கியலின் முதல் பாடம், தொழில் வேறு, உரிமையாளர் வேறு என்பது. பிள்ளைகள் இதை நன்றாகச் சொல்வார்கள். கடைக்காரர் தம் பணத்தைக் கடையில் போட்டால், கடை அவருக்குக் கடன்பட்டதாக மூலதனக் கணக்கில் எழுதுகிறோம். அடுத்து நான் கேட்பேன்: கடை கடனைக் கட்டாவிட்டால் வழக்கு யார்மேல்? இங்கே கணக்கும் சட்டமும் பிரிகின்றன. தனி வியாபாரத்தில் சட்டத்தின் கண்ணுக்குக் கடை என்று ஓர் ஆள் கிடையாது, முதலாளிதான் உண்டு. அவர் வீடும் நிலமும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. கூட்டு வியாபாரத்தில் 'ஃபர்ம்' என்பது பங்குதாரர்களைச் சேர்த்து அழைக்கும் பெயர். வருமான வரிக்கு அது தனி நபராகக் கருதப்படும், அதனால் பான் அட்டை கிடைக்கும். கம்பெனியில்தான் கணக்கு சொல்வதும் சட்டம் சொல்வதும் ஒன்றாகின்றன. 1896-ல் இங்கிலாந்தில் சாலமன் வழக்கில் நிலைபெற்ற கொள்கை அது. ஒரே 'எண்டிட்டி' என்று எழுதிப் பழகிய பிள்ளைகள், வங்கி மேலாளர் ஏன் கம்பெனி இயக்குநரிடம் தனியாக ஜாமீன் கையெழுத்து கேட்கிறார் என்பதை இந்த இடத்தில் புரிந்துகொள்கிறார்கள்.

கூட்டாண்மையில் நான் கண்ட துன்பங்கள் அதிகம். இரண்டு நண்பர்கள் விசைப்படகுகளுக்கான உதிரிபாகக் கடை நடத்தினார்கள். ஒருவர் விலகினார். மூலதனத்தையும் லாபத்தையும் கணக்குப் பார்த்துப் பைசா பாக்கியில்லாமல் வாங்கிக்கொண்டார். ஏட்டில் அவர் கணக்கு முடிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல் கடனுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். கடை நொடித்ததும் வக்கீல் நோட்டீஸ் விலகியவருக்கும் வந்தது. கையில் விலகல் பத்திரத்தோடு என்னிடம் வந்து, "நான் கணக்கு முடிச்சு வெளிய வந்துட்டேனே சார்" என்றார். பொது அறிவிப்பு கொடுக்கும்வரை, பங்குதாரர் என்று நம்பிப் பழகிய மூன்றாம் நபருக்கு அவர் பொறுப்புத் தொடரும் என்கிறது கூட்டாண்மைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு. பதிவான ஃபர்மென்றால் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழ், அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு வட்டார மொழிப் பத்திரிகை. செலவு சில ஆயிரம் ஆகியிருக்கும். கடைசியில் மூவரும் உட்கார்ந்து பேசி, அவர் ஒரு பங்கைக் கொடுத்து முடித்தார்.

இன்னொன்று, ஃபர்ம் பதிவு. ஜி.எஸ்.டி. எண் வாங்கிவிட்டோம், பான் இருக்கிறது, டீட் எழுதிவிட்டோம், அதனால் ஃபர்ம் பதிவாகிவிட்டது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். கூட்டாண்மைப் பதிவாளரிடம் பதிவது தனி வேலை. கட்டாயமில்லை, ஆனால் பதியாத ஃபர்ம் தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியார்மேல் வழக்குப் போட முடியாது. 69-ஆம் பிரிவு. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிந்தாலும் அந்த வழக்கு நிற்காது, புதிதாகப் போட வேண்டும். அதற்குள் மூன்று வருஷம் முடிந்துவிடலாம். பதினெட்டு வயதாகாத மகன் பெயரைச் சேர்க்கும் வழக்கமும் இங்கே உண்டு. அவனைக் கூட்டாண்மையின் பயன்களில் மட்டுமே சேர்க்கலாம். வயது வந்து ஆறு மாதத்துக்குள், பங்குதாரர் ஆகமாட்டேன் என்று அவன் பொது அறிவிப்பு கொடுக்காவிட்டால் முழுப் பங்குதாரர் ஆகிவிடுவான், முதலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து பொறுப்போடு.

சரக்கு எப்போது கைமாறுகிறது என்பதை நான் கற்றது 2008 நவம்பரில். நிஷா புயல் 27-ஆம் தேதி காரைக்காலுக்கு வடக்கே கரையைக் கடந்தது. கடைமடைப் பகுதி, தண்ணீர் வடிய இடமில்லை. ஒரு நெல் வியாபாரியின் குடோனில் குறுவை நெல் நனைந்துவிட்டது. அதில் ஓர் அடுக்கு ஏற்கெனவே திருவாரூர் பக்கத்து ஆலைக்காரருக்குப் பேசி முடித்தது, பாதிப் பணம் அட்வான்ஸ் வந்தாயிற்று, மூட்டைகளில் நீலப் பெயின்ட் அடையாளமும் போட்டாயிற்று. குமாஸ்தா விற்பனை என்று எழுதிவிட்டார். வியாபாரி ஆலைக்காரர் நஷ்டம் என்கிறார், ஆலைக்காரர் வியாபாரி நஷ்டம் என்கிறார். எங்கள் சார் ஈர மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எடை போட்டாச்சா?" போடவில்லை. குவிண்டாலுக்கு இன்ன விலை என்று பேசியது, வியாபாரி எடை போட்டு ஏற்ற வேண்டும். அப்படியென்றால் எடை போட்டு, வாங்குபவருக்குத் தெரிவிக்கும்வரை சொத்து கைமாறாது. சொத்து யாரிடமோ ஆபத்தும் அவரிடமே. விற்பனைப் பதிவைத் திருப்பி, அந்த நெல்லை வியாபாரியின் சரக்கிருப்பிலும், அட்வான்ஸைத் தர வேண்டிய கடனிலும் காட்டச் சொன்னார். "தம்பி, பில் கிழிச்சதெல்லாம் வித்ததாகாது" என்று என்னிடம் சொன்னார். எடை மட்டும் போட்டு ஒரு போன் செய்திருந்தால் விடை தலைகீழ்.

மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்காரரின் மீனை ஏலம் விட்டுக் கமிஷன் எடுப்பவரின் கணக்கும் இதே வகை. அவர் மீனை வாங்கி விற்கிறாரா, படகுக்காரருக்காக விற்றுக் கொடுக்கிறாரா? விற்றுக் கொடுப்பவர் முகவர். அவர் வருமானம் கமிஷன் மட்டும், ஏலத்தொகை முழுவதும் அல்ல. மீதிப் பணம் படகுக்காரருக்குச் சேர வேண்டியது. ஏலத்தொகை முழுவதையும் விற்பனையாக எழுதிவிட்டு, வரவுசெலவு கோடியைத் தொட்டுவிட்டதே என்று பதறி வந்தவர்கள் உண்டு. ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஆனால் யார் யாருக்காகச் செயல்பட்டார் என்பதை விற்பனைப் பட்டியலில் எழுதி வைப்பது அவசியம்.

காசோலை திரும்பிய வழக்குகளில் எல்லைப் பிரச்சினை மறுபடி வரும். வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது சேர்ந்து 15 நாள் அவகாசம், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். நாகூர்க்காரர் கொடுத்த காசோலை காரைக்கால் வங்கியில் போட்டுத் திரும்பினால் எந்தக் கோர்ட்? 2014 ஆகஸ்டில் தஷ்ரத் ரூப்சிங் தீர்ப்பு, காசோலை எந்தக் கிளையின் மேல் எழுதப்பட்டதோ அங்கேதான் என்றது. நம் வியாபாரிகள் எல்லை தாண்டி ஓட வேண்டியதாயிற்று. 2015-ல் சட்டம் திருத்தப்பட்டு, பணம் பெற வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளை இருக்கும் இடம் என்று ஆனது. இப்போது வாடிக்கையாளர் விவரத்தோடு அவர்கள் எந்தக் கிளையில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதையும் குறித்து வைக்கிறோம்.

கடன் கணக்கில் இருந்தும் சட்டத்தில் அழிந்துபோக இன்னொரு வழி, 2016-ன் திவால் சட்டத் தொகுப்பு. இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. வாஞ்சூர் அருகே 2009-ல் இயங்கத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் 2022-ல் இந்தச் சட்டத்தின்கீழ் திவால் தீர்வு நடைமுறைக்குள் வந்தது. தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 2023 மார்ச் இறுதியில் அதானி போர்ட்ஸ் 1,485 கோடி ரூபாய்க்கு அதை எடுத்துக்கொண்டது. செய்தித்தாளில் பெரிய தொகையைப் பார்த்து வியந்த மாணவர்களிடம், இத்தகைய நடைமுறை ஆரம்பிக்கும்போது வரும் சின்ன விளம்பரத்தைப் படிக்கச் சொன்னேன். கடன் கொடுத்தவர்கள் இன்ன தேதிக்குள் உரிமை கோர வேண்டும் என்று அதில் இருக்கும். டீசல் கொடுத்தவர், வாடகைக்கு வாகனம் ஓட்டியவர், கேண்டீன் நடத்தியவர் போன்றோர் செயல்பாட்டுக் கடனீந்தோர். அவர்களுக்குப் படிவம் பி, கூடவே பில்லும் வங்கிக் கணக்கு நகலும். தீர்வுத் திட்டம் ஒப்புதலான பிறகு, அதில் இடம்பெறாத உரிமைகள் ஒழிந்துபோகும் என்று 2021 ஏப்ரலில் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. விளம்பரத்தைப் பார்க்காத சிறு வியாபாரியின் பேரேட்டில் பாக்கி அப்படியே நிற்கும், கேட்கத்தான் ஆளிருக்காது. நம் ஊரில் சிறு வியாபாரிகளுக்காக அந்த விளம்பரத்தைப் படிக்க வேண்டியவர் கணக்கர்தான். வேறு யார் கண்ணிலும் அது படுவதில்லை.

அதனால் என் வகுப்பில் முதல் பயிற்சி பிரிவு எண்கள் அல்ல. பழைய கடை ஒன்றின் பாக்கிப் பட்டியலைப் பெயர்களை மறைத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நாலு பத்தி போடச் சொல்கிறேன்: கடைசியாகப் பணம் வந்த தேதி, கடன்பட்டவர் கையெழுத்துள்ள தாள், பொறுப்பாளி தனிநபரா ஃபர்மா கம்பெனியா, கெடு முடியும் நாள். பத்தி காலியாக நிற்கும் பெயர்களைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். பிறகு அவரவர் தெரிந்த கடை ஒன்றுக்குப் போய் இதையே செய்து, கெடு முடிய ஆறு மாதத்துக்குள் இருப்பவற்றை அந்த வாரமே முதலாளியிடம் காட்டிவிட்டு வரச் சொல்கிறேன்.